காணாமல் போன திருகாணி

முதலில் தொலைந்தது ஒரு திருகாணி. ஆனந்தியின் ஜிமிக்கிக்குப் பின்னால் திருகுகிற, மிளகு அளவுகூட இல்லாத தங்கத் திருகாணி. ஜிப் வைத்த சின்னப் பைக்குள் ஜிமிக்கி இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றின் திருகாணியை மட்டும் காணோம். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கூட்டிய குப்பையைப் பழைய பேப்பரில் கொட்டிக் கிளறினாள். கிடைக்கவில்லை. ஜிமிக்கியை விட்டுவிட்டுத் திருகாணியை மட்டும் எவளாவது எடுப்பாளா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ‘எவளாவது’ மனசுக்குள் எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

நாகல் நகரில் அந்த மாடி வீட்டில் இருந்தது நான்கே பேர். கணவன் விக்னேஷ்குமார் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு அடிப்பவன். விடியுமுன் வண்டியை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவான். ஆனந்தி கடைவீதியில் ஒரு ரவிக்கைக் கடையில் ஆரி வேலை செய்தாள். மகன் இளஞ்செழியனுக்கு நாலரை வயது. நான்காவது ஆள், விக்னேஷ்குமாரின் தங்கை தமிழ்நிலா. கீரனூரில் தோட்டம் துரவோடு இருந்த வீட்டுப் பெண். காலேஜ் முடித்துவிட்டு, செழியனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தை மாதத்தில் இங்கே வந்தவள். பகல் முழுக்க வீட்டில் அவளும் செழியனும் மட்டும்தான்.

செழியன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். நடந்ததும் தாமதம், பேசியதும் தாமதம். அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிட்டது. கை மட்டும் வசத்துக்கு வரவில்லை. ஸ்பூனை உலக்கை பிடிப்பதுபோல் மொத்தக் கையாலும் பிடிப்பான். பொத்தான் போடச் சொன்னால் சட்டையைக் கசக்குவான். கிரேயானைக் கொடுத்தால் ஒரு கோடு இழுப்பதற்குள் அது நழுவி உருண்டு போகும். பள்ளிக்கூடத்தில், “அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆனந்தியால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு விரல்தான் பிழைப்பு. கல்யாண ரவிக்கையில் மயில் போடச் சொன்னால், கழுத்தின் சின்னச் சின்ன இறகைக்கூட ஊசி முனையில் கொண்டுவந்து நிறுத்துவாள். “உன் கையில பாதி அவனுக்கு இருந்தாப் போதும்” என்று யாராவது நல்ல மனசோடு சொன்னால்கூட, அன்றைக்கு ராத்திரிச் சோறு அவளுக்கு இறங்காது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் மாடியில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. அங்கே அஜீஸுன்னிசா என்கிற பெண், செழியன் மாதிரிக் குழந்தைகளுக்குக் கைப்பயிற்சி கொடுத்தாள். செழியனின் உள்ளங்கையைத் தடவி, விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, “கையில கோளாறு ஒண்ணும் இல்லம்மா. பலம்தான் சேரல. அது விளையாட்டுலதான் சேரும்” என்றாள். சப்பாத்தி மாவு பிசையவிட வேண்டும். கொடியில் போடும் கிளிப்பை அமுக்கித் திறக்கவிட வேண்டும். தாளைக் கிழிக்கவிட வேண்டும். பிளாஸ்டிக் டப்பா மூடியில் உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு, பொத்தான், கொண்டைக்கடலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போடச் சொல்ல வேண்டும்.

“ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. அவன் கையைப் பிடிச்சு நீங்க செய்யாதீங்க. தப்பாச் செஞ்சாலும் அவனே செய்யட்டும்.”

ஆனந்தி தலையாட்டிவிட்டு வந்தாள். வேலை முடிந்து வந்ததும் டப்பாவை எடுத்து முன்னால் வைப்பாள். அவன் ஒரு பொத்தானை எடுக்கத் திணறுவதைச் செத்த நேரம்தான் பார்க்க முடியும். அதற்குள் அவள் கை தானாகவே போய் அவன் விரலைப் பிடித்து வளைக்கும். அவன் கத்துவான். டப்பா பறக்கும். தினமும் இதே கதைதான்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் தமிழ்நிலா சொன்னாள்: “அண்ணி, இன்னைக்குச் செழியன் அவனா ஜிப்பு போட்டானுங்க. என் பேக்கு ஜிப்பு.”

ஆனந்தி உடனே பையை எடுத்து மகன் மடியில் வைத்தாள். “போடு தங்கம். அத்தைக்குச் செஞ்சு காட்டுனியாமே, அம்மாவுக்கும் காட்டு.”

செழியன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“காலைல செஞ்சானுங்க அண்ணி. இப்பத்தான்...”

“சரி, விடு.”

 ஆனால் ஆனந்தியின் மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. இவள் எதற்குப் பொய் சொல்கிறாள்? நல்ல பேர் வாங்கவா? அல்லது பகலெல்லாம் பிள்ளையைக் கவனிக்காமல் இருந்துவிட்டு, கவனித்ததுபோல் காட்டவா?

அதன் பிறகு வீட்டில் சின்னச் சின்னதாக மாற ஆரம்பித்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி கோணலாக மூடியிருந்தது. பருப்புப் பையின் வாயில் போட்ட ரப்பர் பேண்ட் கழன்று கிடந்தது. விக்னேஷ்குமாரின் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தது. டிவி ரிமோட்டின் முதுகு மூடி தனியாகவும் பேட்டரி தனியாகவும் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால், யாரோ வீட்டைத் துழாவுகிறார்கள். எதையோ தேடுகிறார்கள்.

செழியன்தானோ என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? மூடி திறக்க வராது, ஜிப் வராது, பொத்தான் வராது என்று அவனுக்காக ஊரெல்லாம் அலைகிறவளே அவள்தானே.

மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

தமிழ்நிலாவை அவள் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கத் தொடங்கிய பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. போன் வந்தால் அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள். “யாரு நிலா?” என்று கேட்டால், “கூடப் படிச்ச பிள்ளைங்க அண்ணி” என்று சொல்வாள், கண் மட்டும் எங்கேயோ போகும்.

பிறகு ஜிமிக்கியே ஒன்று போனது. திருகாணி இல்லாத அந்த ஜிமிக்கி.

அதே வாரம் துணி மடிக்கும்போது, தமிழ்நிலா படுக்கும் பாய்க்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. ஆனந்திக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. அலமாரியில் முழு அட்டையாக வைத்தது. இப்போது ஒவ்வொரு குழியிலும் காகிதம் கிழிந்து காலியாக இருந்தது. ஒரு மாத்திரைகூட இல்லை.

மறுநாள் கடையில், சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டே அதைப் பக்கத்தில் வேலை செய்யும் சண்முகவள்ளியிடம் சொல்லிவிட்டாள். சண்முகவள்ளி ஊசியை நிறுத்தினாள்.

“ஏத்தா, இரும்பு மாத்திரையா? அதைப் புள்ளத்தாச்சிக்குத்தானே அம்புட்டுக் குடுப்பாக?”

“சீ, சும்மா இரு அக்கா.”

“நான் என்னத்தைச் சொன்னேன்? கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுறான்னு நீதான் சொன்ன. நகை போச்சுன்னும் நீதான் சொன்ன. வயசுப் புள்ள. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு உன்னையத்தான் கேக்கும், உன் வீட்டுல வச்சுத்தானே ஆச்சுன்னு.”

ஆனந்தி அன்றைக்கு மயிலின் ஒரு கண்ணை இரண்டு தடவை பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்நிலா மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில் அவளுடைய பையைத் திறந்தாள். உடுப்பு, சீப்பு, ஒரு பவுடர் டப்பா, ஒரு ஹெட்போன். ஜிமிக்கி இல்லை, மாத்திரையும் இல்லை. கிடைத்திருந்தால் எப்படியோ தெரியாது; கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது. இருந்த இடத்தில் இல்லையென்றால் வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அடுத்த சில நாள் அந்தப் பெண் தட்டில் எவ்வளவு சாப்பிடுகிறாள், காலையில் முகம் வெளுத்திருக்கிறதா, நடை மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் ஆனந்தி அளந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக மாங்காயைக் கேட்டு வாங்கித் தின்றாள் என்பதுகூடச் சாட்சியாகிவிட்டது.

கடைசியில் புருஷனிடம் சொன்னாள். விக்னேஷ்குமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான். தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. மாடிப்படியில் இறங்கிப் போய்க் கீரனூருக்குப் போன் போட்டு, அப்பா வேலுசாமியிடம் காரணம் எதுவும் சொல்லாமல், “புள்ளைக்குச் சீக்கிரம் ஒரு இடம் பார்த்து முடிச்சுருங்கப்பா. நாள் கடத்தாதீங்க” என்று மட்டும் சொன்னான். வேலுசாமிக்கு அது போதும். அடுத்த நாளே தமிழ்நிலாவுக்குப் போன் வந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், துணிமணியோடு கிளம்பி வா என்று.

அவள் திகைத்துப்போய் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க அண்ணி, அப்பா திடீர்னு ஏன் இப்படிப் பேசறாரு? என்ன ஆச்சுங்க? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?”

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் ஆனந்தி, தாளிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கடையிலிருந்து கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஷேர் ஆட்டோவில் வந்து தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள். செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டாள். சொந்த வீட்டுப் படியில் திருடி மாதிரி ஏறுகிறோமே என்று ஒரு கூச்சம் வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டு ஏறினாள்.

வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தமிழ்நிலாவின் குரல்:

“இல்லீங்க சார், வீட்ல இன்னும் சொல்லலைங்க... நான் எப்படியாச்சும் வந்துர்றேனுங்க. இந்த வெள்ளிக்கிழமைதானுங்க கொஞ்சம் சிக்கல்...”

  வாசல் கதவைத் தள்ளப் போன ஆனந்தியின் கை பாதியில் நின்றது. ஏனென்றால் முன்னறையிலிருந்து ஒரு சத்தம். ‘படக்.’ பிறகு ஓர் இடைவெளி. பிறகு ‘டொக்’ என்று இரும்புக்குள் ஏதோ உருண்டு விழும் ஓசை. மறுபடியும் ‘படக்.’

எட்டிப் பார்த்தாள்.

செழியன் இரும்புக் கட்டிலில் முட்டிபோட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இடது கையில் மாத்திரை அட்டை. வலது கைக் கட்டைவிரலைக் குழியின்மேல் வைத்து, நாக்கின் நுனியை உதட்டோரம் கடித்துக்கொண்டு அழுத்தினான். காகிதம் கிழிந்து சிவப்பு மாத்திரை வெளியே வந்தது. அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, வேறு விரல் எதுவும் குறுக்கே வராமல், பொட்டு எடுப்பதுபோல் எடுத்தான். கட்டில்கால் குழாயின் மேல்மூடி எப்போதோ கழன்று ஒரு பொந்தாக இருந்தது. அதற்குள் குறி பார்த்து விட்டான். டொக்.

ஆனந்தி மூச்சை மறந்து நின்றாள். அந்த இரண்டு விரல்! அந்த இரண்டு விரலுக்காக எத்தனை நாள் அவன் கையைப் பிடித்து வளைத்திருப்பாள்! கண் நிறைந்துவிட்டது. கூப்பிடாமல், அசையாமல், அவன் இன்னொன்றை எடுப்பதைப் பார்த்தாள்.

அவன் திரும்பினான். உதடு முழுக்கச் சிவப்பு.

அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். செழியன் அட்டையை எறிந்துவிட்டு அலற, உள்ளறைக் கதவு திறந்து தமிழ்நிலா காதில் ஹெட்போனோடு ஓடி வந்தாள். ஆனந்தி பிள்ளையின் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“எத்தனைடா தின்ன? ஏலே, அம்மாகிட்டச் சொல்லு, எத்தனை தின்ன?”

அவன் அழுதானே தவிர ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்நிலாதான் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு, ஆட்டோவை நிறுத்தி, அண்ணனுக்குப் போன் போட்டு, இருவரையும் ஏற்றினாள். 

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். இந்த மாத்திரை சின்னக் குழந்தைக்கு ஆகாது, அதிகம் போயிருந்தால் ஆபத்துதான் என்றார். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரும்பு மாத்திரை உள்ளே இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியுமாம். “இதுக்கு முன்னாடியும் இப்படிச் செஞ்சிருக்கானா?” என்று அவர் ஆனந்தியைக் கேட்டார். பாய்க்குப் பின்னால் கிடந்த காலி அட்டை அப்போதுதான் அவள் நினைவில் வேறு மாதிரி வந்து நின்றது.

படம் வர நேரமாகும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் செழியன் அத்தையின் மடியில் படுத்துத் தூங்கிப்போனான். அம்மாவிடம் வரவில்லை.

“என் தப்புத்தானுங்க அண்ணி” என்றாள் தமிழ்நிலா. “நான் கதவைச் சாத்தியிருக்கக் கூடாது. தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் போன்லயே ட்ரெய்னிங் கிளாஸுங்க. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் வேலைக்கு எடுத்திருக்காங்க. அண்ணன்கிட்டச் சொன்னா, செழியனை யார் பார்ப்பான்னு கேப்பாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லைங்க. அவன் டப்பாவை வச்சுட்டுச் சத்தமில்லாம விளையாடறான்னுதான் நினைச்சேன்.”

ஆனந்தி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வெள்ளிக்கிழமை இவள் கீரனூருக்குப் போவாள், ஒரு கல்யாணம் நடக்கும், காரணம் யாருக்கும் தெரியாமலே போகும்.

“உங்க அப்பா திடீர்னு மாப்பிள்ளை பார்த்தது என்னாலதான், நிலா” என்றாள்.

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. திருகாணி, ஜிமிக்கி, காலி அட்டை, சாத்திய கதவு, சண்முகவள்ளி சொன்னது, புருஷனிடம் தான் சொன்னது.  செழியனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த தமிழ்நிலாவின் கை நின்றுபோனது.

“மாத்திரை அட்டையைப் பார்த்து... அப்படியா நினைச்சீங்க என்னைய?”

“நினைச்சேன்.”

“கேட்டிருக்கலாமுங்களே அண்ணி, ஒரு வார்த்தை. திட்டியாச்சும் கேட்டிருக்கலாம்.” அவள் குரல் உயரவில்லை. “நான் தொடலைங்கன்னு சொல்லியிருப்பேன். அப்ப வேற யாருன்னு அன்னைக்கே தேடியிருப்போம். இன்னைக்கு இவனைத் தூக்கிட்டு இங்க வந்திருக்க மாட்டோம்.”

 இவ்வளவு நாள் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததில், காவல் காக்க வேண்டிய பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மேல்பூச்சின் இனிப்பை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பியிருப்பான் போலிருக்கிறது என்றார் டாக்டரம்மா. ரத்தமும் சரியாக இருந்தது. பொழுது சாயும்வரை வைத்திருந்துவிட்டு, மாத்திரையை இனி எட்டாத உயரத்தில் பூட்டிவையுங்கள் என்று ஒரு வசவையும் கொடுத்து அனுப்பினார்.

அதற்குள் விக்னேஷ்குமார் வண்டியை வழியில் செம்பட்டியிலேயே விட்டுவிட்டு வந்து சேர்ந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும், ஆனந்தி சொன்ன இடத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்தான். குழாய்க்குள்ளிருந்து கலகலவென்று கொட்டியது. நிறம் மங்கிய மாத்திரைகள், கொண்டைக்கடலை, சட்டைப் பொத்தான், சேஃப்டி பின், ஜிமிக்கி. கடைசியாகத் தட்டியபோது அந்தத் திருகாணியும் உருண்டு வந்து பாய் ஓரத்தில் நின்றது. அதன் கூடவே ஒரு வெள்ளிக் கொலுசு முத்து.

தமிழ்நிலா குனிந்து அந்த முத்தை எடுத்தாள்.

“இது என்னோடதுங்க. நீங்க எடுத்துட்டீங்கன்னு நானும் நினைச்சிருந்தேன்” என்றாள் ஆனந்தியைப் பார்த்து. “என் பேக்கைக் கிண்டுனது நீங்கதான்னு அன்னைக்கே தெரியுமுங்க. மடிச்ச துணி மடிச்ச மாதிரி இல்லை.”

விக்னேஷ்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் முழுக்கத் தெரிந்ததும் அவன் ஆனந்தியின் மேல் பாய்ந்தான். “அண்ணி சொன்னாங்க சரி, நீங்களும் என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே அண்ணா” என்று தமிழ்நிலா சொன்னதும், தரையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

கீரனூருக்கு யார் பேசுவது என்று வந்தபோது ஆனந்தி போனைத் தானே வாங்கிக்கொண்டாள்.

“மாமா, நான் ஆனந்தி பேசுறேன். நிலாவைப் பத்தித் தப்பா ஒண்ணு நினைச்சு நான்தான் உங்க மகன்கிட்டச் சொல்லிட்டேன். அது பொய். முழுக்கப் பொய். அவ மேல ஒரு குத்தமும் இல்ல. வெள்ளிக்கிழமை யாரும் வர வேணாம்னு சொல்லிருங்க. அவளுக்குக் கோயமுத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு. போகட்டும் மாமா.”

 வேலுசாமி சொன்னார்: “ஏம்மா, வந்த இடத்துல உம்புள்ளையத் தூக்கி வளத்துனவளையா இப்படிப் பேசுன? நாங்க உங்கூட்டுக்கு மகளாத்தானே அனுப்புனோம்?”  போனை வைத்துவிட்டார். பெண் பார்க்க அந்த வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. ஆனால் ஆனந்தியிடம் அவர் பேச வெகு நாளானது.

செழியன் அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. அம்மாவின் அந்த அலறல் அவன் விரலுக்குள் புகுந்துவிட்டதோ என்னவோ. டப்பாவைக் காட்டினால் கையைத் தொடைக்கடியில் ஒளித்தான். ஸ்பூனை மறுபடி உலக்கைபோல் பிடித்தான். ஆனந்தி அஜீஸுன்னிசாவிடம் போய் நடந்ததைச் சொல்லி அழுதாள். “வந்தது போகாதும்மா. பயம் போனா வெளிய வரும். நீங்க பக்கத்துல இருங்க, ஆனா பார்க்காதீங்க” என்றாள் அவள்.

பார்க்காமல் இருப்பதுதான் ஆனந்திக்குப் பெரிய பயிற்சியாக இருந்தது. கடையில் சொல்லி, ஆரிச் சட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்தாள். முன்னறையில் சட்டத்தை விரித்து, தட்டில் பாசிமணியைக் கொட்டி, மாத்திரையும் மற்ற ஊசிகளும் எட்டாத உயரத்தில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு, குனிந்த தலை நிமிராமல் தைப்பாள். செழியன் முதலில் தூரத்தில் உட்கார்ந்தான். அப்புறம் சட்டத்துக்குக் கீழே வந்து படுத்தான். ஒரு நாள் மத்தியானம் அவளுடைய தட்டுப் பக்கம் ஒரு சின்னக் கை மெல்ல நீண்டது. வாயில் போட்டுவிடுவானோ என்று பயந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தபடி ஊசியை ஓட்டினாள். கை இரண்டு விரலால் ஒரு பச்சை மணியை எடுத்தது. அவள் மடியில் வைத்தது. இன்னொன்றை எடுத்தது. அதையும் வைத்தது. அவள் அந்த மணிகளையே கோத்துத் தைத்தாள். அன்றைக்குப் போட்ட கொடி முழுக்கப் பச்சையாகிப்போனது. கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் அதற்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனி மாதத்தில் தமிழ்நிலா கோயமுத்தூருக்குக் கிளம்பினாள். அதுவரைக்கும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா என்று பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் பேச்சு போகவில்லை. ஆனந்தி ஒரு முறை மன்னிப்புக் கேட்டாள். “சரிங்க அண்ணி” என்றாள் அவள். சரி என்றால் என்ன அர்த்தம் என்று ஆனந்திக்குப் புரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு மூவருமாக ஆட்டோவில் போனார்கள். கோயமுத்தூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. தமிழ்நிலா செழியனைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அவன் அத்தையின் துப்பட்டா நுனியில் தொங்கிய குஞ்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்; நூல் நூலாக. “ஏய், விடுறா” என்று அவள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு ஆனந்தி அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

பெரிய பையை ஆனந்தி தூக்கப் போனாள். தமிழ்நிலா ஒரு கணம் தயங்கிவிட்டு, கொடுத்துவிட்டாள். சீட்டுக்கு அடியில் பையை வைத்துவிட்டு இறங்கும்போது, “போயி இறங்குனதும் போன் போடு” என்றாள் ஆனந்தி.

“சரிங்க. போயிட்டு வாரேனுங்க அண்ணி.”

பஸ் நகர்ந்தது. செழியன் கையை ஆட்டினான். ஆனந்தி அந்த ‘வாரேனுங்க’வையே நினைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் கிளம்பும்போது சொல்கிறதுதானா? அல்லது மெய்யாகவே வருவாளா? முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, பையைப் பார்த்துச் சொன்னாளா? இவ்வளவு தூரம் யோசித்தபிறகுதான் தன் மனம் மறுபடி எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. வெட்கமாக இருந்தது.

“வாடா, போவோம்” என்று மகனுக்குக் கையை நீட்டினாள்.

ராத்திரி போன் அடித்தது.

“இறங்கிட்டேனுங்க அண்ணி. செழியன் சாப்டானுங்களா?”

“சாப்ட்டான். நீ சாப்டியா?” என்று கேட்டாள் ஆனந்தி.